மன்னிப்புக் கேட்டு வந்தவரைத் தப்பவிடாமல் உதவுவது எப்படி?

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்த ஊழியத்துக்கு நீங்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. மூணாறு, தேவிகுளம், பீருமேடு, வண்டிப்பெரியாறு, குமுளி, அந்தப் பக்கம் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று எல்லையோரத் தமிழ்ச் சபைகளில் எந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாலும், இதில் கைதேர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். இருக்கிற திறமையை வரிசைப்படுத்திக் கொடுப்பது மட்டுமே என் வேலை.

பயிற்சிக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்வோம். சபைக் கட்டட நிதிக்குப் பொருளாளர். மனைவி கொழுந்து எடுக்கிறவர். குடியிருப்பு தோட்ட லயத்து வரிசை வீட்டில். ஒரு ராத்திரி மகனுக்கு வயிற்றுவலி, துடிக்கிறான். ஜீப் பிடித்துப் போடிமெட்டு இறங்கி, தேனி க.விலக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார். பீரோவில் இருந்தது நிதிப் பணம் 8,000 ரூபாய். எடுத்துவிட்டார். பையன் பிழைத்தான். பணம் திரும்பவில்லை. மறு மாதக் கணக்கில் சிமெண்டு வாங்கியதாக ஒரு பொய் வரி எழுதினார். அந்த வரி அவரைத் தூங்கவிடவில்லை. இப்போது, சாயங்காலம் ஆறரை மணிக்கு, மழைக்கோட்டோடு உங்கள் வாசலில் நிற்கிறார். "அண்ணாச்சி, ஒரு விஷயம் பேசணும்."

ஆரம்பியுங்கள்.

1. சாயா கொடுக்காதீர்கள்

"வாங்க, உக்காருங்க, ஒரு கட்டஞ்சாயா குடிங்க" என்று தொடங்கினால் காரியம் கெட்டது. திபேரியாக் கடற்கரையில் நடந்தது இதுதான். மூன்று தடவை தம்மைத் தெரியாது என்று சொன்ன பேதுரு எதிரே நிற்கிறான். இயேசு என்ன செய்தார்? கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, வந்து சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சு. அந்தப் பேச்சிலும் சேவல் கூவின கதையை எடுக்கவில்லை. என்மேல் அன்பிருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் கையில் வேலையைக் கொடுத்தார். விளைவு? சில வாரத்துக்குள் அந்த ஆள் எருசலேமில் கூட்டத்துக்கு நடுவே நின்று பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தான். விசாரணை இல்லை, கமிட்டி இல்லை. உங்கள் சபையில் இப்படி ஒன்று நடந்தால் யார் பதில் சொல்வது?

ஆகவே நிற்க வையுங்கள். மழைக்கோட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

2. தேவைக்கு மேல் கேளுங்கள்

அவர் சொல்ல வந்தது ஒரு வரி: "நிதிப் பணத்தை எடுத்துட்டேன், பொய்க் கணக்கு எழுதிட்டேன்." அதோடு விட்டால் அவருக்குப் பாரம் இறங்கிவிடும். இறங்கவிடக் கூடாது. எந்தத் தேதி? பீரோச் சாவி யாரிடம் இருந்தது? ஐநூறு நோட்டா, இருநூறு நோட்டா? ஜீப் வாடகை எவ்வளவு? அவ்வளவா? வீட்டம்மாவுக்குத் தெரியுமா? தெரிந்தும் போன வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபம் பண்ணினாளா? ஒவ்வொரு பதிலுக்கும் கண்ணை மூடி, "ம்ம்" என்று பெருமூச்சு விடுங்கள். பெருமூச்சின் நீளம் முக்கியம். குட்டையாக விட்டால் அனுதாபம் என்று நினைத்துவிடுவார்.

பையன் இப்போது எப்படியிருக்கிறான் என்ற கேள்வி இந்தப் பட்டியலில் கிடையாது.

3. ஜெபக்குறிப்பாக மாற்றுங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கத்தோலிக்கர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். 2013இல் அந்தப் பகுதிக்கென்று சுல்தான்பேட்டை மறைமாவட்டமே வந்துவிட்டது. ஆனாலும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஒரு சாமியார் வெளியே சொல்ல முடியாது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் கூடி, வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தபோதே இதற்கும் பூட்டுப் போட்டுவிட்டது. வாய் தவறுகிற குருவைப் பட்டத்திலிருந்து இறக்கி, ஒரு கடுமையான மடத்தில் ஆயுள் முழுக்கத் தவம் செய்ய வைக்க வேண்டுமாம். இன்றைய திருச்சபைச் சட்டத்திலும் நேரடியாக ரகசியத்தை உடைத்தால் அந்தக் கணமே சபைக்குப் புறம்பு. எண்ணூறு வருஷமாக ஒரு கூட்டத்தின் வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு அப்படி எந்தப் பூட்டும் இல்லை. நீங்கள் சாதாரண சகோதரர். பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் நேரடியாகச் சொல்லிவிடாதீர்கள், அது புறங்கூறுதல். வாட்ஸாப் குழுவில் இப்படிப் போடுங்கள்: "ஒரு சகோதரருக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள். பணக் காரியத்தில் சத்துரு வஞ்சித்துவிட்டான். பெயர் வேண்டாம், தேவன் அறிவார்." பத்து நிமிஷம் விடுங்கள். யாராவது, "நம்ம டிவிஷனா பிரதர்?" என்று கேட்பார்கள். "பெயர் வேண்டாம் சிஸ்டர், மூணாவது லயம், கடைசி வீடு, பையனுக்கு ஆபரேஷன் ஆச்சே, அவ்வளவுதான் சொல்லலாம்" என்று முடித்துக்கொள்ளுங்கள். கூப்பின கைகள் வரிசையாக விழும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க மஸ்டருக்குப் போகும்போது அவருடைய மனைவியின் முகத்தைப் பாருங்கள். ஜெபம் வேலை செய்வது தெரியும்.

2018இல் கேரளத்தில் ஒரு பெரிய அமளி நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பாவ அறிக்கையில் ஒரு பெண் சொன்னதை வைத்தே அவளை மிரட்டினார்கள் என்று மலங்கரை ஆர்த்தடாக்ஸ் பாதிரியார்கள் சிலர்மேல் புகார் எழுந்தது. அன்றைய தேசிய மகளிர் ஆணையத் தலைவர் ரேகா சர்மா, பாவசங்கீர்த்தனம் என்ற வழக்கத்தையே எடுத்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தார். கேரளத்து ஆயர்கள் கொதித்தெழுந்தார்கள். எவ்வளவு விவாதம், எவ்வளவு அறிக்கை! அத்தனையிலும் ஜெபக்குறிப்பைத் தடை செய்யச் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லை. பயமில்லாமல் நடத்துங்கள்.

4. வசனத்தைப் பார்த்து எடுங்கள்

வேதாகமம் பெரிய புத்தகம். கவனமில்லாமல் புரட்டினால் ஆபத்தான பக்கம் திறந்துகொள்ளும். கொரிந்து சபையில் ஒருவன் வெளியே சொல்லக் கூசுகிற தப்பைச் செய்தான். முதலாம் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் பவுல் அவனைச் சபையை விட்டு விலக்கச் சொல்கிறார். அருமையான அதிகாரம். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் நிருபம் 2ஆம் அதிகாரத்துக்குப் போனால், தண்டனை பெற்ற ஒருவனைப் பற்றி அதே பவுல், போதும், இனி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துக்கமே அவனை விழுங்கிவிடும் என்கிற அர்த்தத்தில் எழுதியிருப்பார். இருவரும் ஒரே ஆள்தான் என்று பலகாலமாகச் சொல்லி வருகிறார்கள். நீங்கள் முதல் நிருபத்தின் விசுவாசி. தபாலில் இரண்டாவது கடிதம் இன்னும் வரவில்லை என்று இருந்துவிடுங்கள்.

யோபின் சிநேகிதர்களைப் பின்பற்றுங்கள், ஆனால் பாதியிலிருந்து. அவர்கள் வந்ததும் ஏழு பகல் ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அது வீண் செலவு. அதற்குப் பிறகு வாயைத் திறந்தார்கள் பாருங்கள், அங்கிருந்து பிடியுங்கள்.

5. வீட்டு வியாதிக்கும் அவர் பாவத்துக்கும் முடிச்சுப் போடுங்கள்

"பையனுக்கு ஏன் அப்படி வந்துச்சுன்னு யோசிச்சீங்களா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஜன்னலைப் பாருங்கள். பணம் எடுத்தது வியாதிக்குப் பிறகுதானே, காரணம் எப்படிப் பின்னால் வரும் என்று அவர் கணக்குப் போடமாட்டார். குற்ற உணர்வில் இருக்கிறவனுக்குக் காலண்டர் வேலை செய்யாது.

இந்தப் படியில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மேல்வகுப்பும் உண்டு. பாவமே செய்யாதவரைக் குற்றவாளியாக்குவது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அன்றைக்கு வேறு ஊரில் இருந்ததாலோ, பக்கத்து வரிசையில் படுத்திருந்ததாலோ பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். நான் மட்டும் ஏன் மிச்சம் என்று கேட்பவர்கள். அவர்கள் எதையும் எடுக்கவில்லை, திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை, மன்னிப்புக் கேட்க ஆளில்லை. அவர்களிடம் போய், "உங்களை வச்சு ஆண்டவர் ஏதோ செய்யப்போறார், அதான் விட்டுவச்சிருக்கார்" என்று சொல்லுங்கள். அப்படியானால் மற்ற எழுபது பேரை வைத்துச் செய்ய அவருக்கு ஒன்றுமில்லையா என்ற கேள்வி அவர்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வரும். அப்போது நீங்கள் உங்கள் வீட்டில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசுவே பேசியிருக்கிறார், லூக்கா 13இல். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ணுகிறீர்களா, இல்லை என்று சொன்ன இடம். அந்தப் பக்கத்தை ஊசி போட்டுத் தைத்துவிடுங்கள்.

6. பணத்தைத் திருப்பிக் கொடுக்க விடாதீர்கள்

இதுதான் பயிற்சியின் உயிர்நாடி, தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள்.

நம்முடைய ஆள் கமிட்டிக்கு முன்னால் நின்று, "மாசம் 500 ரூபாய் கட்டிடுறேன்" என்பார். ஒத்துக்கொண்டால் 16 மாதத்தில் கணக்குத் தீர்ந்துவிடும். யோசியுங்கள். தீர்ந்துபோன கணக்கை வைத்துக்கொண்டு ஒரு சபை என்ன செய்யும்? வருஷக் கூட்டத்தில் எதைப் பேசும்?

சகேயுவைச் சமாளிக்க முடியாமல் போனது இதனால்தான். எரிகோவின் வரிவசூல்காரன், அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று தானே எழுந்து சொன்னான். யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, யாரும் கண்ணீர் விடவில்லை. ஒரு விருந்து, ஒரு வாக்கு, அதற்குள் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்துவிட்டது. வெளியே நின்று முறுமுறுத்த நம்மவர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

தடுக்க இரண்டு வழி. ஒன்று, பெருந்தன்மை: "பணமா பெரிசு? மனசு மாறணும் தம்பி." கேட்கிறவர்கள் உருகுவார்கள். மனசு மாறிவிட்டதா என்று அளக்க எந்தத் தராசும் இல்லை என்பதால் இந்த வழக்கு முடியவே முடியாது. அவருக்கோ, உழைத்துக் கட்டித் தலைநிமிரும் ஒரே வாசலும் அடைபடும். இரண்டாவது, கண்டிப்பு: "மொத்தமாக் கொண்டு வா, இல்லாட்டி வேண்டாம்." நாட்கூலிக்குப் போகிற ஆளிடம் மொத்தமாக 8,000 கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எந்த வழியானாலும், பணம் யாருடையது என்ற பேச்சு வரக் கூடாது. ஓட்டுக்கூரை ஒழுகும் கோயிலுக்காக நாற்பது ஐம்பது வீட்டுப் பெண்கள் சம்பள நாளில் பத்தும் இருபதுமாகப் போட்ட காசு அது. அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் விபரீதம். "பையனைக் காப்பாத்தத்தானேய்யா எடுத்த, கேட்டிருந்தா நாங்களே தந்திருப்போமே, மெதுவாக் குடு" என்று யாராவது ஒரு கிழவி சொல்லிவிடுவாள். நஷ்டப்பட்டவளே மன்னித்துவிட்டால் அப்புறம் நீங்கள் எதற்கு?

7. மன்னிப்பை அறிவியுங்கள், அமல்படுத்தாதீர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில், "நம்ம சகோதரரைச் சபை மன்னித்தது" என்று சொல்லிவிடுங்கள். அதுவரை ஜெபக்குறிப்பை வாசிக்காத இரண்டொரு பேருக்கும் விஷயம் போய்ச் சேரும். அதன் பிறகு அவர் கையில் எதையும் கொடுக்காதீர்கள். காணிக்கைப் பை வேண்டாம். வேதபாடம் வாசிக்க வேண்டாம், அவர் வாசிக்கிற அன்றைக்குப் பார்த்து யூதாஸ் வந்துவிட்டால் எல்லாருக்கும் சங்கடம்.

அறுப்பின் பண்டிகைதான் உங்கள் களம். ஆராதனை முடிந்து ஏலம் நடக்கும். சேவல், பலாப்பழம், பூசணிக்காய், யாரோ பின்னிக் கொடுத்த மேசைவிரிப்பு. நம்முடைய ஆள் பின்வரிசையிலிருந்து வெட்கத்தோடு சேவலுக்கு 400 ரூபாய் என்பார். மைக்கைப் பிடித்திருக்கிற நீங்கள் சிரித்த முகத்தோடு, "ரொக்கமாத்தானே அண்ணே?" என்று கேளுங்கள். வேடிக்கையாகத்தான். கூட்டமே சிரிக்கும். அவரும் சிரிப்பார், அதை விசேஷமாகக் கவனியுங்கள். 450 என்று இன்னொருவர் கேட்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டிருப்பார்.

அசனத்தன்றைக்கு வெங்காயம் உரிக்க விடலாம். பந்தியில் பரிமாற விடக் கூடாது. இந்த இடத்தில் கெட்ட குமாரன் கதையின் அண்ணன்காரனைக் கொஞ்சம் திருத்தியாக வேண்டும். தம்பி திரும்பி வந்த அன்று அவன் கோபித்துக்கொண்டு வாசலில் நின்றான். அனுபவமில்லாத பிள்ளை. உள்ளே போய்ப் பந்தி விசாரிக்கிற பொறுப்பை அவனே எடுத்திருக்க வேண்டும். தம்பி இலையில் கன்றுக்கறி விழுகிற நேரம் பார்த்து, "சாப்பிடுப்பா, அங்க தவிடுதானே கிடைச்சிருக்கும்" என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால், தகப்பன் மாட்டின மோதிரம் அரை மணி நேரத்தில் விரலை அறுக்க ஆரம்பித்திருக்கும்.

எவ்வளவு காலத்துக்கு இப்படி என்று கேட்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். மூணாறு கிறிஸ்து ஆலயத்தின் சரித்திரத்தைப் பாருங்கள். 1894இல் எலினர் நைட் என்ற இளம் ஆங்கிலப் பெண் காலராவில் இறந்து அந்தக் குன்றில் அடக்கமானார். அங்கே கோயிலுக்குக் கல் வைத்தது 1910இல். முதலில் குழி, பதினாறு வருஷம் கழித்துக் கல். நம்முடைய ஆள் கேட்டது பதினாறு மாதம். நீங்கள் மலை வழக்கப்படி நடத்துங்கள்.

8. அவர் வேறு சபைக்குப் போனால் அழுங்கள்

போவார். எஸ்டேட் கடைவீதியில் தகரக் கூரை போட்ட சின்ன ஜெபவீடு ஒன்று இருக்கும். அந்த பாஸ்டர் இவரைக் கட்டிப்பிடித்து, மறுவாரமே பாய் விரிக்கிற வேலை கொடுத்து, அடுத்த மாதம் சாட்சி சொல்ல வைத்துவிடுவார். உடனே, "பெந்தெகொஸ்தேக்காரங்க ஆட்டைத் திருடுறாங்க" என்று கமிட்டியில் தீர்மானம் கொண்டுவாருங்கள். தொழுவத்தில் இருந்த வரைக்கும் அந்த ஆட்டுக்கு யார் புல் போட்டார்கள் என்ற விவரம் தீர்மானத்தில் தேவையில்லை. சபை மாறுதல் கடிதம் கேட்டு வந்தால், நன்னடத்தை என்று இருக்கிற இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பொய் சொல்லாமல் செய்யக்கூடிய நல்ல வேலை அது.

9. உங்களுக்கே ஒரு நாள் தூக்கம் கெட்டால்

கெடும். எல்லாருக்கும் ஏதோ ஒரு பொய் வரி எங்கேயோ எழுதியிருக்கும். அந்த நேரத்தில் இந்த வழிகாட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வையுங்கள், இது உங்களுக்காக எழுதினதல்ல. உள்ளூரில் மூச்சு விடாதீர்கள், இங்கே எல்லாரும் உங்களிடம் பயின்றவர்கள். குமுளியிலிருந்து கம்பம் பஸ் பிடியுங்கள். மலை இறங்கிப் போய், உங்கள் முகம் தெரியாத, வாட்ஸாப் வைத்துக்கொள்ளத் தெரியாத ஒரு கிழட்டு உபதேசியாரைக் கண்டுபிடியுங்கள். நனைந்த சட்டையைக் காயப்போடச் சொல்லி, சாயா கொடுத்து, ஒரே ஒரு வரியைக் கேட்டுக்கொண்டு, யாரிடம் எடுத்தீர்களோ அவரிடம் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டச் சொல்கிறவராகப் பார்த்து எடுங்கள்.

திரும்பும்போது குமுளிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்னாடியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை கமிட்டி இருக்கிறது, நீங்கள்தான் தலைவர்.